நிழலில்லாக் கோட்டோடு ஒரு பயணம்

ஏப்ரல் 10, கன்னியாகுமரி

விடியற்காலை நாலரைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அப்பா தோளில் ஒரு துணிப்பை. அதில் பித்தளைத் தூக்குக்குண்டு, ரசமட்டம், டேப், சாக்பீஸ். என் கையில் பழைய சேலையில் சுற்றிய ஒரு மீட்டர் எட்டு எம்.எம். கம்பி. கம்பியின் உச்சியில் மூன்று சென்டிமீட்டர் வாஷர் ஒன்றை மதுரையில் ஒரு பட்டறையில் வெல்டு வைத்திருந்தோம். அடியில் ஒரு பலகை, சமன் செய்ய மூன்று போல்ட்டுகள். இவ்வளவுதான் எங்கள் கருவிகள்.

அப்பா 34 வருடம் நில அளவையராக இருந்தவர். சங்கிலி பிடித்து, வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து, சங்கிலிக் கண்ணிகளை எண்ணும் லிங்க்ஸ் கணக்கில் நிலத்தின் புலப்படம் போட்ட தலைமுறை. நான் கணினியில் வரைபடம் போடுகிறேன். நாள் முழுக்க அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எண்களோடுதான் வேலை. தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் அடிப்பேன். ஆறாவது இலக்கம் தரையில் 11 சென்டிமீட்டர். அவ்வளவு துல்லியமான எண்களை வருடக்கணக்காகக் கையாண்டும், அவற்றில் ஒன்றைக்கூட நானாக அளந்ததில்லை. போன வருடம் இதை அப்பாவிடம் சொன்னபோது, "அளந்து பாத்துருவோம் பாப்பா, கம்பியும் கடிகாரமும் போதும்" என்றார். அந்தப் பேச்சுதான் இந்தப் பயணமாகியிருக்கிறது.

சூரியன் மார்ச் 21 வாக்கில் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அப்புறம் நாளுக்கு நாள் வடக்கே ஏறி, ஜூன் 21 வாக்கில் கடகக் கோட்டைத் தொட்டுத் திரும்பும். ஏறும்போது ஒரு நாள், இறங்கும்போது ஒரு நாள், நம் ஊர் ஒவ்வொன்றின் உச்சிக்கும் நேராக வரும். அன்று உச்சிவேளையில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. அந்த நாளில் சூரியன் எத்தனை டிகிரி வடக்கே ஏறியிருக்கிறதோ அதுதான் அந்த ஊரின் அட்சம். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, சென்னைக்கு ஏப்ரல் 24. இடையில் 14 நாள், 5 டிகிரி, வடக்காக 550 கிலோமீட்டர். அதாவது நிழலில்லாத கோடு தமிழ்நாட்டின் மேல் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சைக்கிள்காரர் ஒருவர் பதறாமல் கூடவே போய்விடலாம். நாங்கள் பஸ்ஸில் போகிறோம்.

சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டம் ஏழு மணிக்குக் கலைந்துவிட்டது. தங்கும் விடுதியின் மொட்டைமாடியில் இடம் கேட்டு வாங்கினோம். அப்பா போல்ட்டைத் திருகித் திருகி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை. பிறகு தூக்குக்குண்டைப் பிடித்து, கம்பி சாயாமல் நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பார்த்தார். கம்பியின் அடியை மையமாக வைத்து 9 சென்டிமீட்டர் ஆரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டோம்.

வாஷர் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் கம்பி முனையின் நிழல் தரையில் மங்கிக் கரைந்துபோகிறது. வாஷரின் நிழலோ ஓரம் மங்கலாக இருந்தாலும் வட்டமாகத் தெரிகிறது. அதன் நடுவைக் கண்ணால் பிடித்துவிடலாம்.

12 மணி 30 விநாடிக்கு அந்த நிழல் மேற்கிலிருந்து வந்து சாக்பீஸ் கோட்டைத் தொட்டது. நிமிடத்துக்கு நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தது, எறும்பு போவதை விட மெதுவாக. 12.21க்குக் கம்பியின் காலைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், கொலுசு போட்ட மாதிரி. வேறு நிழலே இல்லை. என் நிழல் என் செருப்புக்கு அடியில் கிடந்தது. அப்பா எதுவும் பேசாமல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிழல் கிழக்குப் பக்கம் போய், 12 மணி 41 நிமிடம் 30 விநாடிக்கு வட்டத்தை மறுபடி தொட்டது. இரண்டுக்கும் நடு 12.21. இதுதான் இன்று இந்த ஊரின் உண்மையான நடுப்பகல்.

இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு உரியது. அங்கே சூரியன் உச்சிக்கு வந்தால் நம் எல்லார் கடிகாரத்துக்கும் 12. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். இங்கே 21 நிமிடம் பிந்தியது என்றால் 5¼ டிகிரி மேற்கே இருக்கிறோம். 82½-இல் அதைக் கழித்தால் 77.25.

ஆனால் கன்னியாகுமரி இருப்பது 77.55-இல். எங்கள் கணக்கு எங்களை 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, குளச்சலின் தீர்க்கக்கோட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. வட்டம், ரசமட்டம், கடிகாரம் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தோம். எதிலும் பிழை இல்லை. சாயங்காலம் முழுக்க அப்பாவுக்கு அதே யோசனை.

காந்தி மண்டபத்துக்கு மட்டும் போய்வந்தோம். அக்டோபர் 2 நடுப்பகலில், அஸ்திக் கலசம் இருந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அதுவும் அட்சக் கணக்குதான். அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு மூன்றரை டிகிரி தெற்கே இருக்கும். "அப்ப மார்ச் 12 வாக்குலயும் அதே உயரத்துக்கு வரணுமே" என்று அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கணக்குப்படி வரத்தான் வேண்டும்.

ஏப்ரல் 13, கோவில்பட்டி

இன்று கோடு கோவில்பட்டிக்கு வந்துவிட்டது. நாங்களும் மதுரைக்குப் போகும் வழியில் இறங்கினோம். கம்பியை எடுக்கவில்லை. பேருந்து நிலையத்தில் 12.19க்கு விளக்குக் கம்பத்தைப் பார்த்தோம், நிழல் இல்லை. நிழலுக்கு ஒதுங்கி நிற்க ஓர் இடமில்லாமல் சனங்கள் கூரைக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கடலை மிட்டாய் விற்ற அம்மாவிடம், இன்று ஊருக்கே நிழல் இல்லை என்று சொன்னேன். அவர் தன் காலடியைப் பார்த்தார், என் காலடியைப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அரைக் கிலோ மிட்டாய் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஏப்ரல் 15, மதுரை, எங்கள் வீடு

நேற்று சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், பஞ்சாங்கம் படித்தல் என்று நாள் போனது.

இன்று மொட்டைமாடியில் அம்மா வத்தல் காயப்போட்டிருந்தார். "உங்க கம்பிக்கு இதவிட்டா வேற இடமே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே துணியை ஒரு பக்கமாக இழுத்துக் கொடுத்தார். அப்புறம் அவரும் கீழே போகவில்லை. குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்றார்.

நடுப்பகல் 12 மணி 17½ நிமிடத்துக்கு. நாலால் வகுத்தால் 4.375. 82½-இல் கழித்தால் 78.125. எங்கள் வீட்டின் தீர்க்கக்கோடு 78.12.

அச்சு அசலாக வந்துவிட்டது! எனக்குக் கண் கலங்கியது. தினமும் அலுவலகத்தில் அடிக்கும் எண்தான். ஆனால் வத்தல் துணிக்குப் பக்கத்தில், ஒரு கம்பியின் நிழலிலிருந்து அது வந்தபோது, முதல்முறையாக என் வீடு உருண்டையான ஒரு பூமியின் மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது என்று தோன்றியது.

சரி, அப்படியென்றால் கன்னியாகுமரியில் ஏன் தவறியது? ராத்திரி பத்து மணிக்கு அப்பா தன் பழைய அளவைக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். விடை அதில் இருந்தது. கடிகாரம் நாளெல்லாம் ஒரே சீராக ஓடும், சூரியன் அப்படி ஓடுவதில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம். ஜனவரியில் வேகமாகப் போகிறது, ஜூலையில் மெதுவாக. அதோடு பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, பிப்ரவரியில் சூரியன் கடிகாரத்தை விட 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். வருடத்தில் நாலே நாலு நாள்தான் இரண்டும் ஒத்துப்போகும். அதில் ஒன்று ஏப்ரல் 15. கன்னியாகுமரியில் நாங்கள் அளந்த அன்று சூரியன் ஒன்றேகால் நிமிடம் பிந்தியிருந்தது. அதைக் கழித்துப் போட்டால் 77.56. குளச்சலிலிருந்து குமரிக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

"நாழிகைக் கணக்குலயும் இதெல்லாம் உண்டா?" என்று அம்மா கேட்டார். உண்டு. பகலும் இரவும் சேர்ந்து 60 நாழிகை. பூமி சுற்றுவது 360 டிகிரி. ஆக ஒரு நாழிகைக்கு 6 டிகிரி. 24 மணி நேரக் கணக்கை விட இது கைக்கு லேசாக வருகிறது என்று எனக்குப் படுகிறது. பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டைத் தொடக்கமாக வைத்து, ஊருக்கு ஊர் வரும் நேர வித்தியாசத்தைத் தேசாந்தரம் என்ற பெயரில் திருத்திக்கொண்டார்கள். கிரீன்விச் கோட்டை உலகத்துக்குப் பொதுவாக வைத்தது 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே இங்கே பூஜ்யக் கோடு இருந்தது.

ஏப்ரல் 18, தஞ்சாவூர்

மேகம். காலை முழுக்க சுட்டெரித்த வெயில், சரியாக 12 அடிக்கும் நேரத்தில் மூடிக்கொண்டது. 12.13க்கு நடுப்பகல் வரவேண்டும். மேற்குக் குறி கிடைத்தது, கிழக்குக் குறி கிடைக்கவில்லை. ஒரு குறியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மனசு விட்டுப்போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய கோயிலுக்குப் போனபோது வானம் வெளுத்திருந்தது. இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இன்றும் பக்கத்தில் ஒருவர் தன் பிள்ளைக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் நின்றதே விமானத்தின் நிழலில்தான். விமானம் மேலே போகப் போகக் குறுகுவதால், வெயில் உச்சியில் இருக்கும்போது நிழல் அதன் உடம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. காலையிலும் மாலையிலும் தரையில் நீளமாகத் தாராளமாக விழுகிறது. ஆயிரம் வருடமாக அசையாமல் நிற்கும் கட்டடத்துக்கு இப்படி ஒரு பொய்ப் பெருமை தேவையே இல்லை. இதைக் கட்டியவர்கள் எங்களைப் போலவே சங்கு நட்டவர்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! சங்கு என்றால் நடுவில் நிறுத்தும் முளைக்குச்சி. அதைச் சுற்றி வட்டம் போட்டு, நிழல் முனை காலையில் தொடும் இடத்தையும் மாலையில் தொடும் இடத்தையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. கோயில் கட்டும் ஸ்தபதிகளின் முறை இது. விடுதி மாடியில் நாங்கள் செய்ததும் இதேதான்.

அப்பா வந்தது வேறொரு கதைக்காக. 1808-இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி நாட்டை அளக்கும் வேலைக்காக இந்த விமானத்தின் மேல் ஒரு தியோடலைட்டை ஏற்றினார். கோணம் அளக்கும் அந்தக் கருவியின் எடை அரை டன், வட்டத்தின் விட்டம் 3 அடி. காவிரிச் சமவெளியில் குன்றே கிடையாது. தூரத்து ஊர்களைக் குறிபார்க்கக் கோயில் கோபுரங்களை விட்டால் வழியில்லை. ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோயில் சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதை ஆணி ஆணியாகக் கழற்றி, வளைந்த வட்டத்தைத் தன் கையாலேயே நிமிர்த்தி மறுபடி அளக்கப் போனார். அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒருதரம் தியோடலைட்ட வாய்க்கால்ல விட்டேன் பாப்பா. ஒரு வாரம் தூக்கமே வரல."

ஏப்ரல் 21, ஆரோவில் பக்கம்

12-ஆம் அட்சக்கோடு புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில் வழியாகப் போகிறது. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு செம்மண் பாதையில் நடந்தோம். 11.9993, 11.9996, 11.9999. முந்திரி மரம் ஒன்றைத் தாண்டி 12.0000. காலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு போட்ட இடத்தில் காய்ந்த முந்திரி இலைகளும் ஓர் எறும்புப் புற்றும்தான்.

இந்தக் கோட்டிலேயே நேர் கிழக்கே போனால் கடல் தாண்டி அந்தமானின் ஹேவ்லாக் தீவு வரும். அங்கேயும் இன்றைக்கு நிழல் இல்லை. ஆனால் அங்கே நடுப்பகல் 11.16க்கே முடிந்துவிட்டது. எங்களுக்கு வந்தது 12.09½-க்கு. இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான். அருணாசலப் பிரதேசத்துக்கும் குஜராத்துக்கும் இடையில் பார்த்தால் சூரியன் கிட்டத்தட்ட 2 மணி நேரம் வித்தியாசம் காட்டும். ஒரே நேரம் வசதிதான், ரயிலுக்கும் அலுவலகத்துக்கும். ஆனால் வடகிழக்கில் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடுவதால் தங்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கம்பியோடு பத்து நாள் திரிந்த பிறகு அந்தக் கோரிக்கையின் நியாயம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஏப்ரல் 24, பரங்கிமலை

படியேறும்போது அப்பா மூன்று இடத்தில் உட்கார்ந்தார். பையை என்னிடம் கொடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

மலையுச்சியில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையின் அடிவாரத்தில்தான் அவர் அளவையைத் தொடங்கினார். நாங்கள் குமரியில் கம்பி நட்டதும் ஏப்ரல் 10. யோசித்துச் செய்ததல்ல. சூரியன் வைத்த தேதி அது.

அவர் முதலில் செய்தது ஒரே ஒரு கோட்டை அளப்பது. இங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலி, ஏறக்குறைய 400 தடவை. எடுத்துக்கொண்டது 57 நாள். ஒரு நீளமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படி முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக்கொண்டு போனதில்தான் தெற்கே குமரி முனையும் வடக்கே இமயமலை அடிவாரமும் ஒரே கணக்குக்குள் வந்தன. லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் வேலையின் நடுவிலேயே இறந்துபோனார். பிறகு தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ஒரு டிகிரி அட்சத்தின் நீளம் ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்று கண்டுபிடிப்பதும் லாம்டனின் நோக்கம். நம் பக்கம் ஒரு டிகிரி 110.6 கிலோமீட்டர், துருவத்தில் 111.7. பூமி துருவங்களில் தட்டையாக இருப்பதற்கு அதுவே சாட்சி.

"57 நாளா? ஏழரை மைலுக்கா?" என்று கேட்டேன்.

"சித்திரை வைகாசி வெயில் பாப்பா. சங்கிலி நீளும்ல?" என்றார் அப்பா. 100 அடி எஃகு, பத்து டிகிரி சூடு ஏறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். 400 தடவை வைத்தால் ஒன்றரை மீட்டர் பிசகு. அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலை ஒரு நீளமும் மதியம் ஒரு நீளமும் வந்து மேலதிகாரியிடம் திட்டு வாங்கியதை அப்பா சொன்னார். சங்கிலி பிடித்த செயின்மேன்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியிருந்தது.

மலையிலிருந்து பார்த்தால் இப்போது விமான ஓடுபாதை, மெட்ரோ தடம், அப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பும் கண்ணாடிக் கட்டடங்களும். பெரும்பாக்கம் குன்றைத் தேடி ரொம்ப நேரம் பார்த்தோம். கட்டடங்களுக்கு நடுவில் பிரித்தெடுக்க முடியவில்லை.

12 மணி 7½ நிமிடம். கொலுசு விழுந்தது. இன்று சூரியன் ஒன்றேமுக்கால் நிமிடம் முந்தியிருக்கிறது. திருத்தாமல் கணக்குப் போட்டால் கரையிலிருந்து 40 கிலோமீட்டர் கடலுக்குள் போய் விழுந்திருப்போம். திருத்திப் போட்டோம். 80.19. கைப்பேசியும் அதையே சொன்னது. அப்பா நோட்டில் எழுதி, தேதி போட்டு, புலப்படத்தில் போடுவது போலவே கீழே கையெழுத்தும் போட்டார்.

ஏப்ரல் 25, நுங்கம்பாக்கம்

கடைசி நாள். கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை மையத்தில் அனுமதி கேட்டு உள்ளே போனோம். 1792-இல் மெட்ராஸ் வானாய்வுக்கூடம் இங்கே எழுந்தது. கட்டடம் போய்விட்டது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் நிற்கிறது, அதைக் கட்டிய மைக்கேல் டாப்பிங்கின் பெயரோடு. தூணில் தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். அப்பா விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினார்.

வியாழன் கிரகத்தின் நிலாக்கள் அதன் நிழலில் மறையும் கணம் உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றே. அதை வானத்துக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, ஜான் கோல்டிங்ஹாம் இந்த இடம் கிரீன்விச்சுக்கு ஏறக்குறைய 5 மணி 21 நிமிடம் முன்னால் இருக்கிறது என்று கண்டார். அதுதான் மெட்ராஸ் நேரம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்ததால் ரயில்வேக்களும் இதையே எடுத்துக்கொண்டன. நாடு முழுக்க ரயில்கள் இந்தத் தூணை நம்பி ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1906 ஜனவரி 1-இல் 82½ டிகிரி நேரம் வந்ததும் சென்னைக் கடிகாரங்கள் 9 நிமிடம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. நாலால் வகுத்துப் பாருங்கள், 2¼ டிகிரி. நாங்கள் கம்பியில் அளந்த அதே வித்தியாசம்.

தூணுக்குப் பக்கத்தில் கம்பியை நிறுத்தினோம். பழக்கத்தில் நான் வடக்குப் பக்கம் குனிந்தேன். அப்பா தோளைத் தொட்டு, "இந்தப் பக்கம் பாரு" என்றார். 12.07க்கு வாஷரின் நிழல் கம்பியின் தெற்கே மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. கோடு எங்களைக் கடந்து போய்விட்டது. இனி ஆகஸ்டு நடுவரை இந்த ஊரில் உச்சிவேளை நிழல் தெற்கேதான் விழும்.

"இந்நேரம் மீஞ்சூர்ல நிழல் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே அப்பா தூக்குக்குண்டின் நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.